மூன்று முறையும் மணல்

எங்கள் பழைய ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். போனேன். கருவி டிபன் டப்பா அளவுதான் இருக்கிறது. ஒரு சிட்டிகைப் பொடியை அதன் கண்ணில் வைத்து மேலிருக்கும் திருகாணியை இறக்கினால், நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் திரையில் பொருளின் பெயரே வந்து நிற்கிறது. எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பக்கத்தில் ஒரு எண் வேறு. கைப்பையில் கிடந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பாரசிட்டமால் என்றது. அதைத்தான் அட்டையிலேயே போட்டிருக்கிறதே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்த கையோடு, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். நிறமாலை எனக்குச் சொல்லித்தந்தது என்ன என்று எழுத வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. அது எதைச் சொல்லித்தந்தது? வேலை பார்த்த காலத்தில் பாதி நாள் நான் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டுதான் நின்றேன். அதை எழுதினால் போடுவீர்களா என்று கேட்டேன். தாராளமாகப் போடுவோம் என்றார்கள். சரி, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் சிவகங்கைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். வேதியியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், காரைக்குடியில் வேலை கிடைத்தது. நிறமாலைப் பிரிவில் போட்டார்கள். அங்கே வைரவன் சார் தலைவர். முதல் வருஷம் முழுக்க நான் செய்தது பொட்டாசியம் புரோமைடு அரைத்ததுதான். வீட்டில் மாவு அரைக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குவேன், இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு உப்பு அரைக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னதுண்டு.

அந்த நாளில் வேலை இப்படி. பார்க்க வேண்டிய பொருளில் கடுகளவு எடுத்து, அதைப்போல நூறு மடங்கு பொட்டாசியம் புரோமைடு உப்போடு சேர்த்து, அகேட் என்ற வழவழப்பான கல்லில் செய்த சின்னக் கல்வத்தில் அரைக்க வேண்டும். அரைத்ததை எஃகு அச்சில் போட்டு அழுத்தினால் கண்ணாடி போல ஒரு வில்லை வரும். அந்த வில்லைக்குள் அகச்சிவப்பு ஒளியை விட்டால், பொருளுக்குள் இருக்கும் பிணைப்புகள் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எடுத்த இடங்களில் எல்லாம் தாளில் கோடு பள்ளமாக இறங்கும். தாளின் ஓரத்து அளவுகோலில் எந்தெந்த எண்ணில் பள்ளம் என்று பார்த்துப் பொருள் இன்னது என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதில்லையா? காற்றில் ஈரம் இருந்தால் அதற்கும் பள்ளம். பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் அதற்கும் பள்ளம். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு நம்மைப் பாடாய்ப் படுத்தும்.

வைரவன் சார் கோட்டையூர்க்காரர். அறைக்குள் வந்ததும், "எல்லாரும் கொஞ்சம் அங்குட்டுப் போங்க" என்று எங்களை வெளியே அனுப்புவார். வில்லையை வைத்துக் கருவியின் மூடியைச் சாத்தும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம். முதலில் ஒன்றுமே வைக்காமல் ஒரு வரைபடம். அடுத்து வெறும் உப்பு மட்டும் ஒன்று. அப்புறம்தான் பொருள். எவ்வளவு அவசரம் என்றாலும் இந்த வரிசை மாறாது. வயதில் சின்னவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் ஒரு கேள்விக்காவது ஆமாம், இல்லை என்று அவர் வாயிலிருந்து வராது. இது புரதம்தானே சார் என்றால், இருக்கலாம் என்பார். இல்லையா சார் என்றால், அதுவும் இருக்கலாம் என்பார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒரு சமயம் எலும்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில வரைபடங்களில் மட்டும் கொழுப்புக்கு உரிய பள்ளங்கள் வந்தன, சிலவற்றில் வரவில்லை. அதே எலும்பு, அதே உப்பு. நானும் உடன் வேலை பார்த்தவரும் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று ராத்தூக்கம் கெட்டுப் போனோம். கடைசியில் பார்த்தால் அவை எல்லாம் சனிக்கிழமை வில்லைகள். சனிக்கிழமை சாருக்கு எண்ணெய்க் குளியல். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் நல்லெண்ணெய் நிற்கத்தானே செய்யும்? அந்தக் கையால் அச்சைத் தொட்டு வில்லை அழுத்தியிருக்கிறார். சாரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுச் சொன்னோம். அவர் தன் விரலை மோந்து பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார். அந்தச் சனிக்கிழமை வரைபடங்களை அவரே கிழித்துப் போட்டார். இனிமேல் சனிக்கிழமையில் அச்சைத் தொட மாட்டேன் என்றார். குளியலை மட்டும் விடவில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

எங்கள் பக்கம் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து சிறுநீரகக் கல்லுக்குக் குறைவே இல்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றோடு பேசி, நோயாளிகளிடமிருந்து வெளியே வந்த கற்களை வாங்கிப் பார்த்துவந்தோம். எந்தக் கல் என்று தெரிந்தால் மருத்துவர் சாப்பாட்டையும் மருந்தையும் அதற்குத் தக்கபடி மாற்றுவார். சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் கல் வரும். மேலே நோயாளியின் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். சிலது யூரிக் அமிலம். எங்களுக்கு அது அலுத்துப்போன வேலையாகக்கூட ஆகிவிட்டது.

அப்படி வந்த ஒரு குப்பியில் இருந்தது கல்லே இல்லை. கல்வத்தில் போட்டு நசுக்கினால் நசுங்க மாட்டேன் என்றது, கை வலித்தது. வரைபடத்தில் எண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே ஒட்டி ஒட்டி இரண்டு பள்ளங்கள். அந்த இரட்டை குவார்ட்ஸுக்கு உரியது. குவார்ட்ஸ் என்றால் வேறு ஒன்றுமில்லை, மணல். மனித உடம்புக்குள் மணல் விளையாது.

எனக்கு முதலில் கல்வத்தின் மேல்தான் சந்தேகம். அகேட்டும் குவார்ட்ஸ் இனம்தான். கடினமான பொருளை அரைத்தால் கல்வமே கொஞ்சம் தேய்ந்து கலந்துவிடும். சாரிடம் சொன்னேன். வெறும் உப்பை அதே கல்வத்தில் அதே அளவு நேரம் அரைத்துப் பாருங்க என்றார். பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. புதுக் கல்வத்தில் மறுபடி அந்தப் பொருளை அரைத்தேன், அதே இரட்டைப் பள்ளம். மணல் என்று எழுதினேன். சார் அதை அடித்துவிட்டு குவார்ட்ஸ் என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

கொஞ்ச நாளில் அதே எண்ணில் இன்னொரு குப்பி. அதுவும் மணல். மழைக்கு முன்பு மூன்றாவது வந்தது. அதுவும் மணலே. மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டார். இது உடம்பிலிருந்து வந்திருக்க வழி உண்டா என்று நேராகக் கேட்டார். சார் வழக்கம்போல இழுத்தார். நான் ரிசீவரை வாங்கி, இவ்வளவு கூர்மையான பள்ளம் காட்டுகிற குவார்ட்ஸ் உடம்பில் உண்டாகாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மருத்துவர் பெருமூச்சு விட்டார். சில பேர் பொடிக்கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வலிக்கிறது என்பார்களாம், அது மனசு சம்பந்தப்பட்டது, அவர் முன்பே பார்த்திருக்கிறாராம். ஆனால் இந்தப் பெண்ணுக்குச் சிறுநீரில் ரத்தம் இருந்தது, ஒரு ஸ்கேனில் நிழல் போல ஏதோ தெரிந்தது, அடுத்ததில் காணவில்லை, அதுதான் எனக்கும் புரியவில்லை என்றார். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ரத்தம் எங்கிருந்து வரும்?

ஒரு வாரம் கழித்து வாசல் காவலர் கூப்பிட்டார். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், மிஷினைப் பார்க்கிறவுகளைப் பார்க்கணும் என்கிறார்கள் என்றார். நோயாளிகளை நாங்கள் பார்ப்பதில்லை. சார் அறையில் இல்லை, நானே இறங்கிப் போனேன்.

புருஷன் முருகேசன், நகை வேலை செய்கிற ஆசாரி. வீடு கொத்தமங்கலத்தில், பட்டறை காரைக்குடியில். அவர் மனைவி பாண்டிச்செல்வி பார்வையாளர் பெஞ்சின் ஓரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்தான் பேசினார். கல்லைப் பொறுக்கிப் போட்டு நாடகம் ஆடுகிறாள் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம். பொங்கலுக்குள் நாட்டரசன்கோட்டையில் அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சாம். டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறாராம். சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"அந்த மிஷினு தப்பாச் சொல்லுமா மேடம்?"

"சொல்லாது" என்றேன்.

பாண்டிச்செல்வி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்லுறேங்கிறீக."

கருவி சொன்னதும் நிஜம், இவள் முகமும் பொய்யாகத் தெரியவில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் நிஜமாக இருக்க முடியும்? என்ன கேட்பது என்று தெரியாமல், கல்லை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டுவைத்தேன். உண்மையில் பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

ஆசாரிக்கு அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. வலி வந்தால் அவளால் பாத்திரம் தேடிக்கொண்டு நிற்க முடியாதாம். கொல்லைக் குளியலறைத் தரையிலேயே போய்விடுமாம். டாக்டர் கல்லை எப்படியாவது கொண்டுவரச் சொல்லியிருந்ததால், இவர் தரையில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் தண்ணீர் ஊற்றி வாளியில் கூட்டி எடுப்பாராம். பிறகு பட்டறையில் தூசி கழுவுகிற தட்டில் ஊற்றி அலசுவாராம். நகைப் பட்டறையில் தரைக் குப்பையைக்கூட யாரும் வீசுவதில்லை. சேர்த்து வைத்து, தட்டில் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் லேசானதெல்லாம் விளிம்பு வழியாகப் போய், கனமான பொன் துகள் அடியில் தங்கும். அதே கைப்பழக்கத்தில் மனைவியின் கல்லையும் அலசியிருக்கிறார்.

"பொன்னுக்குன்னா கடைசி வரைக்கும் அலசுவேன். இது கல்லுதானேன்னு பாதியில நிறுத்திக்குவேன். அடியில நாலஞ்சு மணி நிக்கும். அதுல பெருசா மினுங்குறதை இடுக்கியால எடுத்துக் குடுத்துருவேன். நான் ஒண்ணையும் தவற விடலை மேடம்."

கொல்லைக் குளியலறை. வெறுங்காலோடு போய் வருகிற இடம். சுற்றிலும் செம்மண்ணும் மணலும், காலோடு ஒட்டி வரும். கேட்டுக்கொண்டே இருந்தவள், மாடிக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். சார் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தத் தட்டை நாளைக்கு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் பின்னால் குழாயடியில் நால்வரும் நின்றோம். எங்களிடம் மிச்சமிருந்த ஒரு பழைய ஆக்சலேட் கல்லைச் சார் கடுகு கடுகாக உடைத்து, வேப்பமரத்தடி மணலோடு கலந்து தட்டில் போட்டார். வீட்டில் செய்கிற மாதிரியே அலசச் சொன்னார். ஆசாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்ன அழகான கை அது! தண்ணீர் ஒரு சுற்று வந்து விளிம்பில் வழிந்தது. சுற்றுக்கு ஒன்றாக, மங்கலான மஞ்சள் துணுக்குகள் விளிம்பேறித் தரையில் விழுந்தன. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், தரையைப் பார்க்கவில்லை. நிறுத்தியபோது அடியில் நாலைந்து மணிகள் மினுங்கின. எல்லாம் மணல்.

சிறுநீரகக் கல் மணலைவிட லேசானது. புத்தகத்தில் இரண்டின் அடர்த்தியும் இருக்கிறது, நான் அறியாததல்ல. ஆனால் ஒரு மனுஷன் அதைத் தட்டில் வைத்து அலசுவார் என்று யாருக்குத் தோன்றும்?

சார் குனிந்து ஈரத்தரையில் கிடந்த ஒரு மஞ்சள் துணுக்கை எடுத்து ஆசாரியின் உள்ளங்கையில் வைத்தார். ஆசாரி அதையே பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் தூர ஊத்திட்டேன் போலருக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டாள். அப்படியானால் இவளுக்குக் கல் இருந்தது, டாக்டருக்குச் சொல்லிவிடலாமா சார் என்றேன். அவர், இருக்கலாம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவரிடம் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை. இதைப் பார்த்த பிறகுமா இருக்கலாம் என்கிறீர்கள், அந்தப் பெண்ணைப் பொங்கலுக்குள் வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள் சார் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"கல்லு இருந்திருந்தா தண்ணியோட போயிருக்கும்னுதான் பார்த்தோம். அவுக கல்லை நாம இன்னும் பாக்கலையேம்மா. பாக்காததை எப்படிச் சொல்லுறது?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். மெல்லிய வெள்ளை மல் துணியும் அகலமான புனலும் அவரே எடுத்து வந்து பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார். இதில் மட்டும் பிடித்து, துணியை அப்படியே மடித்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆசாரியிடம், "நீங்க எதையும் கழுவாதீக" என்றார். மருத்துவருக்கும் நடந்ததை அப்படியே சொன்னார், கூட்டாமல் குறைக்காமல்.

அப்புறம் காத்திருந்ததுதான் கொடுமை. கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. பாண்டிச்செல்வி என் கைபேசிக்குக் கூப்பிடுவாள். இன்னும் வலி வரவில்லை மேடம் என்பாள், பரீட்சையில் தோற்ற பிள்ளை போல. கவலைப்படாதே, வரும் என்று நான் ஆறுதல் சொல்வேன். சொல்லிவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொள்வேன். ஒருத்திக்கு வலி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற வேலைக்கா நான் இவ்வளவு படித்தேன்? அவளும் கொப்புடையம்மனிடம் அதைத்தான் வேண்டிக்கொள்கிறாளாம். ஒருவேளை வலியே வராமல் போய்விட்டால், அவள் குணமாகிவிட்டாள் என்றா, பொய் வெளுத்துவிட்டது என்றா, எதை எடுத்துக்கொள்வார்கள்?

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாள், டவுன் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். மடித்த துணி ஒரு டப்பாவில், டப்பா மடியில். முகம் வெளிறியிருந்தது. ராத்திரி பூரா வலி மேடம் என்றாள், கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே. துணியின் நடுவில் கருப்பட்டித் துணுக்கு போல ஒன்று இருந்தது.

சார் வரிசையை மாற்றவில்லை. முதலில் ஒன்றுமில்லாமல், அடுத்து வெறும் உப்பு. கல்லை நான்தான் அரைத்தேன். கல்வத்தில் பொசுக்கென்று நசுங்கியது, மணல் போல எதிர்க்கவில்லை. ஆனால் அதை வைத்து மட்டும் எதையும் சொல்லக் கூடாது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சார் மூச்சைப் பிடித்து மூடியைச் சாத்தினார். நாங்கள் உள்ளே போனோம், கருவியின் பேனா தாளில் நகர ஆரம்பித்தது. ஆயிரத்து அறுநூற்று இருபதில் ஒரு பள்ளம். அது ஆக்சலேட்டாக இருக்கலாம், மழை ஈரத்தாலும் அதன் பக்கத்தில் பள்ளம் வரும். ஒன்றும் சொல்ல முடியாது. பேனா இன்னும் நகர்ந்தது. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் கோடு சடாரென்று கீழே போய், ஊசி போல எழுந்தது. ஈரத்துக்கு அங்கே வேலை இல்லை, மணலுக்கும் வேலை இல்லை. எண்ணூறுக்குக் கீழேயும் ஒரு பள்ளம் வந்தது, ஆனால் ஒற்றைப் பள்ளம்தான். கால்சியம் ஆக்சலேட்.

சார் தாளைப் பார்த்தார். என்னிடம் கொடுத்து, "நீங்களே போய்ச் சொல்லுங்கம்மா" என்றார்.

கீழே ஓடிவந்து பாண்டிச்செல்வியிடம் சொன்னேன். கல்தான், சந்தேகமே இல்லை, டாக்டருக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறோம், உன் வீட்டுக்காரரையும் மாமியாரையும் அவரே கூப்பிட்டுச் சொல்லட்டும், இனி உன்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவரு அந்தக் குழாயடியிலேயே நம்பிட்டாரு மேடம். அத்தைகிட்ட சண்டை போட்டு, இவ எங்கேயும் போக மாட்டான்னு சொல்லிட்டாரு. நான்தான் நம்பாம வந்தேன்."

எதை நம்பாமல் என்று கேட்டேன்.

"மூணு தடவையும் மணலு மணலுன்னு வந்துச்சுல்ல. பெரிய படிப்புப் படிச்சவுக சொல்லுறீக. நாமளே புத்தி கெட்டு எதையும் செஞ்சுக்கிறோமோ, வலிக்கிற மாதிரி நெனச்சுக்கிறோமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. நேத்து ராத்திரி அம்புட்டு வலியிலயும், இது நெசந்தானான்னுதான் யோசிச்சுக்கிட்டு கெடந்தேன்."

டப்பாவை மூடித் திறந்து மூடினாள். பிறகு கேட்டாள்.

"வலிச்சது நெசந்தானே மேடம்? அந்த மூணு தடவையும்?"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். இந்தக் கல் என்ன கல் என்று அதில் இருந்தது. போன மூன்று கற்களைப் பற்றி அதில் ஒரு கோடும் இல்லை, அவற்றை யாரும் பார்க்கவே இல்லை. வலி எந்த எண்ணில் வரும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பார்க்காததை எப்படிச் சொல்வது?

"நெசந்தான்" என்றேன். "மூணு தடவையும் நெசந்தான்."

அதற்கப்புறம்தான் பாண்டிச்செல்வி அழுதாள்.